கண்ணைத் திறந்தால்தான் பறக்கும்! - தீம் பார்க் நாற்காலிகளின் ரகசியம்

“வாப்பா, வாப்புமாவும் நம்மகூட ஏறணும். இல்லன்னா நானும் ஏற மாட்டேன்!”

என் ஒன்பது வயது மகள் இப்படி அடம்பிடித்து நின்ற இடம், ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. ஏற வேண்டியது ‘பறக்கும் தியேட்டர்’. பக்கத்தில் கைப்பையை அணைத்தபடி நின்றவர், கோடை விடுமுறைக்குக் காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் உம்மா. வயது 68. போன வருஷம்தான் கிறுகிறுப்பு வந்து ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது, ‘சினிமா தியேட்டர் இல்லாத ஊர்’ என்பதைத்தான். உம்மா இதுவரை தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை. விமானத்திலும் ஏறியதில்லை. வாப்பாவோ ஹாங்காங்கில் கல் வியாபாரம் பார்த்தவர். பாதி ஆயுளை விமானத்தில் போய்வந்தே கழித்தவர். ஊர் திரும்பும்போதெல்லாம், “மேலேருந்து பாத்தா நம்ம கடல் நீலத்துணிய விரிச்சுப் போட்டாப்புல கிடக்கும்” என்பார். “ஒரு தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்” என்றும் சொல்வார். அந்த ஒரு தடவை வரவேயில்லை. வாப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

“இதுல உக்காந்தா பிளேன்ல போற மாதிரியே இருக்குமாம் வாப்புமா. கீழ கடல்லாம் தெரியுமாம்!” என்று பேத்தி சொன்னதும், உம்மா கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தலை சுத்துமாப்பா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல் எப்படி ஏற்றுவது? அன்றைக்கு யாரும் ஏறவில்லை. வீடு வந்து சேரும்வரை மகள் என்னோடு பேசவில்லை.

அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் தேடப் போய், அடுத்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் இந்த விடுமுறைக்கு ‘தீம் பார்க்’ திட்டம் இருந்தால், போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நகர்ந்தது எந்த ரயில்?

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு வரும் செந்தூர் எக்ஸ்பிரஸில் போய்வந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். இரவு, ஏதோ ஒரு ஜங்ஷன். நம் வண்டி நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே அடுத்த தண்டவாளத்தில் இன்னொரு வண்டி. திடீரென்று நம் வண்டி கிளம்பிவிட்டதுபோல இருக்கும். டீ வாங்க இறங்கியவர் ஏறிவிட்டாரா என்று பதறி எட்டிப்பார்த்தால், பிளாட்பாரம் அப்படியே நிற்கும். கிளம்பியது பக்கத்து வண்டி!

அந்த ஒரு நொடி நம்மை ஏமாற்றியது நம் கண்தான். பார்வை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பொருள் நகர்ந்தால், ‘நகர்வது நான்தான்’ என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. உலகம் முழுக்க இன்றைக்குப் பல நூறு கோடி ரூபாயில் கட்டப்படும் தீம் பார்க் ரைடுகள் பலவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு நொடி ஏமாற்றம்தான். அந்த நொடியை நாலைந்து நிமிடம் நீட்டிக்கிறார்கள். அவ்வளவே!

கண் மட்டும் சொன்னால் மூளை முழுதாக நம்பாது. அதற்குச் சாட்சி சொல்ல இன்னொருவர் இருக்கிறார்: காது. கேட்பதற்கு மட்டும் இல்லை காது. அதன் உட்பகுதியில், திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் அசைந்து தகவல் சொல்லும். பக்கத்திலேயே, நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு பைகள். தலை சாய்வதையும், வண்டி வேகமெடுப்பதையும் அவை உணர்த்தும்.

கண், காது இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் மூளை அப்படியே நம்பிவிடும். கண்ணை ஏமாற்றுவது திரையின் வேலை. காதை ஏமாற்றுவது நாற்காலியின் வேலை.

தீயணைப்பு அதிகாரியின் ரயில் பெட்டி

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1905 வாக்கில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், தீயணைப்புத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹேல் என்பவர் ஒரு பொழுதுபோக்கைத் தொடங்கினார். பார்க்க ரயில் பெட்டி மாதிரி இருக்கும். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார வேண்டும். எதிரே திரையில், ஓடும் ரயிலின் முன்பகுதியிலிருந்து எடுத்த மலைப்பாதைக் காட்சிகள் ஓடும். பெட்டி குலுங்கும்; தண்டவாளச் சத்தம் கேட்கும். பெட்டி ஓர் அங்குலம்கூட முன்னே போகாது. ஆனால், இறங்கும்போது எல்லோரும் ஊர் சுற்றி வந்த திருப்தியோடு இறங்குவார்கள்.

அதே 1905-ல் நம் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படச் சுருள்களையும் வாங்கிக்கொண்டு, ஊர் ஊராக டென்ட் கொட்டகை போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். ஒரே காலகட்டம். இங்கே ஒரு ரயில்வே ஊழியர் திரையை ஊர் ஊராக நகர்த்துகிறார். அங்கே ஒருவர் திரைக்கு முன்னால் ரயிலை நிறுத்திவைத்து நகர்வதுபோல் காட்டுகிறார்!

ஆர்மோனியத் துருத்தியில் பறந்த விமானம்

அடுத்து, நாற்காலியின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம், ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிலில் இருந்தது. நம்மூர் ஆர்மோனியத்தில் காற்றடிக்கத் துருத்தி இருக்கும் அல்லவா? அதுபோன்ற துருத்திகளும் காற்றுக் குழாய்களும் அவருக்குக் கைவந்த விஷயம். அவற்றைப் பயன்படுத்தி, தரையில் நின்றபடியே சாய்ந்து, திரும்பி, எழும்பும் ஒரு குட்டி விமானத்தை 1929-ல் உருவாக்கினார். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கான பயிற்சிக் கருவி அது. ஆரம்பத்தில் ராணுவம் அதைக் கண்டுகொள்ளவில்லை. வாங்கியவர்கள் யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்! 1934-ல்தான் ராணுவம் அதன் அருமையை உணர்ந்து வாங்கத் தொடங்கியது.

பிறகு 1950-களில், இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் டயர்களைச் சோதிப்பதற்காக எரிக் காஃப் என்ற பொறியாளர் ஒரு மேடையை உருவாக்கினார். மேடைக்கு ஆறு கால்கள். ஒவ்வொரு காலும் தனித்தனியே நீளும், சுருங்கும். ஆறையும் சேர்த்து இயக்கினால், மேலே, கீழே, முன்னே, பின்னே, பக்கவாட்டில், சாய்வாக என்று மேடை எப்படி வேண்டுமானாலும் அசையும். 1965-ல் ஸ்டூவர்ட் என்பவர் இதேபோன்ற அமைப்பை விமானப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுக்கட்டுரை எழுதினார். ‘ஸ்டூவர்ட் மேடை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் விமானிகள் பயிற்சி எடுக்கும் சிமுலேட்டர்களின் அடியில் அந்த ஆறு கால்களைப் பார்க்கலாம்.

1987 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ‘ஸ்டார் டூர்ஸ்’ என்ற ரைடு வந்தது. விமானிகளுக்கான அதே சிமுலேட்டர்தான். உள்ளே 40 பேர் உட்காரலாம். எதிரே திரையில் விண்வெளி. நிஜத்தில் அந்தப் பெட்டி அசைவது சில அடிகள்தான். உள்ளே இருப்பவர்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே பாய்ந்துகொண்டிருப்பார்கள்.

சாய்த்தால் வேகம்!

சில அடி அசைவில் எப்படி அத்தனை வேகம் தெரிகிறது? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

பஸ் சட்டென்று வேகமெடுத்தால் முதுகு சீட்டில் அழுந்தும். ஈஸிசேரில் பின்னால் சாய்ந்தாலும் முதுகு அழுந்தும். நம் உள்காதால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது கண். அந்தக் கண்தான் ஏற்கெனவே திரையிடம் சிக்கிக்கொண்டிருக்கிறதே!

ஆகவே, திரையில் விண்கலம் சீறிப் பாயும் அதே கணத்தில், நாற்காலியைச் சற்றே பின்னால் சாய்ப்பார்கள். ‘அப்பாடி, என்ன வேகம்!’ என்று மூளை துள்ளும். திரையில் பிரேக் பிடித்தால், நாற்காலி முன்பக்கம் சாயும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு அசைவைக் கொடுத்த பிறகு, நாற்காலி பழைய நிலைக்குத் திரும்பினால்தானே அடுத்த அசைவுக்கு இடம் கிடைக்கும்? அதனால், நமக்கு உறைக்காத அளவுக்கு மெதுவாக அதைத் திரும்பக் கொண்டுவருவார்கள். தூங்கும் குழந்தையை மடியிலிருந்து பாயில் கிடத்துவோமே, அந்தப் பதம். நாம் இன்னும் முன்னே பறந்துகொண்டிருப்பதாக நினைப்போம். நாற்காலியோ சத்தமில்லாமல் பின்னே வந்துகொண்டிருக்கும்!

உம்மா ஏற நினைத்த ‘பறக்கும் தியேட்டர்’ இதன் அடுத்த கட்டம். 2001-ல் டிஸ்னியின் கலிஃபோர்னியா பூங்காவில் வந்த ‘சோரின்’ என்ற ரைடு இந்த வகைக்கு முன்னோடி. வரிசை வரிசையாக நாற்காலிகள். எல்லோரும் உட்கார்ந்ததும் நாற்காலிகளை அப்படியே தூக்கி, பிரமாண்டமான வளைந்த திரைக்குள் கொண்டுபோவார்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கும். மேலே, கீழே, இடம், வலம் எங்கே பார்த்தாலும் திரை. முகத்தில் காற்றடிக்கும். ஆரஞ்சுத் தோப்புக்கு மேலே பறக்கும்போது ஆரஞ்சு வாசனை வரும். இதற்கான முதல் மாதிரியை, பிள்ளைகள் திருகாணி மாட்டி விளையாடும் உலோகத் துண்டுகளை வைத்துத் தன் வீட்டில் செய்து பார்த்திருக்கிறார் மார்க் சம்னர் என்ற பொறியாளர்.

திரை செய்யும் தந்திரங்கள்

காட்சியின் ஓரம் தெரிந்துவிட்டால், ‘இது வெறும் படம்’ என்று கண் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் இந்த அரங்குகளில் திரை கிண்ணம்போல வளைந்திருக்கிறது. அவ்வளவு பெரிய பரப்பை ஒரு புரொஜெக்டரால் நிரப்ப முடியாது. பல புரொஜெக்டர்களை வைத்து, ஒன்றின் ஓரம் அடுத்ததன் ஓரத்தின்மேல் படியும்படி ஒளியைப் பாய்ச்சுவார்கள். படியும் இடத்தில் வெளிச்சம் இரட்டிப்பாகாமல் இருக்க, இரண்டின் ஓரத்தையும் கம்ப்யூட்டர் மங்கலாக்கிவிடும். தேர்ந்த தையல்காரர் போட்ட ஒட்டுபோலத் தையலே தெரியாது!

சாதாரண சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். வேகமான காட்சிகளில் இது போதாது, கலங்கலாகத் தெரியும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் காட்சி நுட்பங்களில் பங்காற்றிய டக்ளஸ் ட்ரம்புல், நொடிக்கு 60 படங்கள் காட்டினால் பார்ப்பவர்களின் உடம்பே அதற்குப் பதில் சொல்வதைக் கண்டறிந்தார். அவருடைய ‘ஷோஸ்கேன்’ முறை, சிமுலேட்டர் ரைடுகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது.

இப்போது புரொஜெக்டரே இல்லாமல், எல்.இ.டி. விளக்குகளால் ஆன திரைகளும் வந்துவிட்டன. 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் திறக்கப்பட்ட ‘ஸ்ஃபியர்’ அரங்கின் உட்புறத் திரை, சுமார் 1,60,000 சதுர அடி!

திரையே இல்லாமலும் படம் காட்டலாம். 1862-ல் லண்டனில் ஜான் பெப்பர் என்பவர், மேடையில் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடியை வைத்து, பார்வையாளர்களுக்குத் தெரியாத இடத்தில் நின்ற ஆளின் பிம்பத்தை அதில் விழச்செய்து, ‘பேய்’ உலாவுவதுபோல் காட்டினார். ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் நம் முகமும் தெரியும், வெளியே புளியமரமும் தெரியும் இல்லையா? அதே விஷயம்தான். 1969-ல் டிஸ்னிலேண்டில் வந்த பேய் மாளிகையில் இந்த 19-ம் நூற்றாண்டு உத்தியே பயன்பட்டது. கூடவே, கல் சிலைகளின் முகத்தில், பாடும் மனித முகங்களைப் படமாக விழச்செய்தார்கள். சிலைகள் வாய் திறந்து பாடின. இன்று பெரிய கட்டடங்களின் சுவர்களிலும் சிலைகள்மீதும் காட்டப்படும் ஒளிக்காட்சிகளுக்கு அந்தச் சிலைகள்தான் மூத்தவர்கள்.

கார் தொழிற்சாலையிலிருந்து வந்த கை

திரையும் நாற்காலியும் கைகோத்த பிறகு, ரைடுகள் நகரவும் ஆரம்பித்தன. 1999-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் திறந்த ‘ஸ்பைடர்மேன்’ ரைடில், அசையும் மேடையையே தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். வழிநெடுக நிஜ செட்டுகள், நடுநடுவே 3டி திரைகள். முடிவில் 400 அடி உயரத்திலிருந்து விழுவதுபோல் எல்லோரும் அலறுவார்கள். வண்டி தரைமட்டத்தில்தான் இருக்கும்!

2010-ல் அதே ஊரில் வந்த ஹாரி பாட்டர் ரைடில், நாற்காலிகளைத் தூக்கிச் சுழற்றுவது ஒரு ரோபோ கை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கை நன்றாகத் தெரியும். கார் பாகங்களை வெல்டிங் செய்யும் அதே இனம்தான். தண்டவாளமே இல்லாமல், கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் தானாக நகரும் வண்டிகளும் 2000-ல் டோக்கியோ டிஸ்னிலேண்டில் வந்துவிட்டன.

பூங்காக்காரர்களுக்கு இதில் ஒரு லாபக் கணக்கும் உண்டு. ரோலர் கோஸ்டரின் பாதையை மாற்ற வேண்டுமென்றால் இரும்பை அறுக்க வேண்டும். திரை ரைடில் படத்தை மாற்றினால் போதும்; புது ரைடு தயார். மழை பெய்தாலும் நிற்காது. இடமும் குறைவு.

நம்ம ஊரு மாயம்

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்குச் சுவையான ஒரு தொடக்கம் இருக்கிறது. இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984-ல் வந்தது. அதில் குழந்தைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து போவார்கள். கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை. கலை இயக்குநர் கே.சேகர் வடிவமைத்த சுழலும் அறையில், கேமராவும் அறையோடு சேர்ந்து சுழன்றது. குழந்தைகள் எப்போதும் தரையில்தான் நடந்தார்கள்! கண்ணுக்கு எதிரே இருப்பது முழுக்க நகர்ந்தால் மூளை ஏமாறும் என்ற அதே ரயில் ஜன்னல் ரகசியம். அந்தப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான், 1995-ல் தாம்பரம் அருகே ‘கிஷ்கிந்தா’ பூங்காவைத் தொடங்கியவர். திரையில் காட்டிய மாயத்தை மக்கள் கையில் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ!

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் ‘வொண்டர்லா’ திறக்கப்பட்டது. 611 கோடி ரூபாய் முதலீடு, 60 ஏக்கருக்கும் அதிகமான பரப்பு, 43 ரைடுகள். இங்குள்ள ‘தஞ்சோரா’ ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், கால்கள் தொங்கும். இது திரை மாயம் இல்லை. உடம்பு உண்மையிலேயே புரண்டு, சுழன்று போகும். இதையும் பறக்கும் தியேட்டரையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பது எனக்கு முக்கியமான பாடம். அதே நிறுவனத்தின் ஹைதராபாத் பூங்காவில் இருக்கும் ‘மிஷன் இன்டர்ஸ்டெல்லார்’, திரையை நம்பிய பறக்கும் ரகம்.

சென்னைக்கு வர முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987-லிருந்து மாவட்ட அறிவியல் மையம் இயங்குகிறது. காயலிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் வாடா சாப்பிடும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். நம் கண் எப்படியெல்லாம் ஏமாறுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க, இதுபோன்ற அறிவியல் மையங்களைவிடச் செலவு குறைந்த இடம் கிடைக்காது.

யார் ஏறலாம், யார் கூடாது?

இனி உம்மாவின் கேள்வி. தலை சுற்றுமா?

சிலருக்குச் சுற்றும். கண்ணும் காதும் வேறு வேறு கதை சொல்லும்போதுதான் குமட்டல் வருகிறது. மலைப்பாதை பஸ்ஸில் குனிந்து மொபைல் பார்த்தால் வாந்தி வருவது இதனால்தான்: காது ‘வளைந்து வளைந்து போகிறோம்’ என்கிறது, கண் ‘எழுத்து அசையவே இல்லை’ என்கிறது. திரைக்கும் நாற்காலிக்கும் நேரம் நூல் பிசகினாலும் இதே கதி. நல்ல ரைடுகளில் இரண்டையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவைத்திருப்பார்கள்.

உம்மாவைப் பார்க்கும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமே கேட்டேன். உம்மாவுக்கு வந்த கிறுகிறுப்பு, உள்காதின் துகள்கள் இடம் மாறியதால் வந்தது. அது சரியாகி எட்டு மாதம் ஆகிவிட்டது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. “தலைகீழாகப் புரட்டுகிற எதிலும் ஏற வேண்டாம். மெதுவாகச் சாய்கிற நாற்காலி என்றால் உட்காரலாம். முடியவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார். இது உம்மாவுக்கான பதில். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

பொதுவாக, கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்து - முதுகுப் பிரச்னை இருப்பவர்கள், சமீபத்தில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் அசையும் ரைடுகளைத் தவிர்ப்பதே நல்லது. வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு, மின்னி மின்னி மறையும் ஒளியே ஆபத்தாகலாம்.

இன்னும் சில விஷயங்கள்:

* வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம். நெய்ச்சோற்றை வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்!

* திரை ரைடுகளில் நடு இருக்கை கிடைத்தால் நல்லது. ஓரத்தில் உட்கார்ந்தால் காட்சி கோணலாகத் தெரிந்து சிலருக்குக் குமட்டும்.

* உயரக் கட்டுப்பாடு என்பது சம்பிரதாயம் இல்லை. பாதுகாப்புக் கம்பி பெரியவர் உடம்புக்கு ஏற்ற அளவில் இருக்கும். சின்னப் பிள்ளை அதன் இடுக்கில் நழுவிவிடலாம். “ரெண்டு இன்ச்தானே, விடுங்க சார்” என்று ஊழியரிடம் கெஞ்சாதீர்கள்.

* பெல்ட்டையும் கம்பியையும் ஊழியர் இழுத்துப் பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

* ரைடு நடுவில் நின்றுவிட்டால் நீங்களாகப் பூட்டைத் திறக்க முயலாதீர்கள். ஒரு கோளாறு தெரிந்ததும் தானாக நின்றுவிடுவதே பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒன்றுதான்.

கடைசி விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பூங்காவில், ராட்சத ரைடு ஒன்று பாதியில் நின்றுபோய், குழந்தைகள் உட்பட 30 பேர் சில மணி நேரம் அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்புத் துறையினர் எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். எந்திரம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், தினமும் காலையில் அதைச் சோதிக்கும் மனிதரின் அக்கறைதான் அதற்கு உயிர். பொழுதுபோக்கு ரைடுகளின் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ‘ஐ.எஸ். 15475’ என்ற விதிமுறையை வகுத்திருக்கிறது. டிக்கெட் விலையைக் கேட்கும்போது, சோதனைகள் முறையாக நடக்கின்றனவா என்றும் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

அந்த நாலு நிமிடம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் பேத்தி. நடுவில் உம்மா. ஊழியர் வந்து பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். விளக்கு அணைந்தது. நாற்காலி மெல்ல எழும்பியது. உம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் அழுந்தின.

பனிமலை வந்தது. பாலைவனம் வந்தது. கோட்டைகள், அருவிகள் வந்தன. பிறகு, எந்த நாட்டுக் கடலோ தெரியவில்லை, கண்ணுக்கு எட்டியவரை நீலம். முகத்தில் ஈரக்காற்று. மகள் ‘ஹோ’வென்று கத்தினாள். உம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. பயந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார்.

“உம்மா, என்ன செய்யுது? நிறுத்தச் சொல்லவா?”

“ஒண்ணுமில்லப்பா” என்று கண்ணைத் திறந்தார். கடலைப் பார்த்தார். மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். விளக்கு எரிகிறவரை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

வெளியே வந்து தண்ணீர் குடித்ததும் சொன்னார். “கண்ணை மூடினா நாற்காலி சும்மா தொட்டில் மாதிரி ஆடுது, அவ்வளவுதான். திறந்தாத்தான் பறக்குது. நெசந்தானான்னு ரெண்டு மூணு தடவை பாத்தேன்.”

நான் ஒரு வாரம் தேடிப் படித்ததை, தியேட்டரே பார்க்காத உம்மா நாலு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்!

“கடல் எப்படி இருந்துச்சு வாப்புமா?” என்று பேத்தி கேட்டாள்.

“உங்க அப்பா சொன்னாப்புலதான் இருந்துச்சு. துணி விரிச்சாப்புல.” எங்கள் ஊரில் தாத்தாவை ‘அப்பா’ என்போம். கொஞ்ச நேரம் கழித்து உம்மாவே கேட்டார்: “எத்தனையோ ஊரைக் காட்டினாங்களே, நம்ம ஊரை ஏன் காட்டல?”

நியாயமான கேள்வி. பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, நெல்லையைத் தொட்டு, ஸ்ரீவைகுண்டம் வயல்களுக்கு நீர் பாய்ச்சி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியை மேலேயிருந்து ஒரே வீச்சில் பறந்து பார்த்தால் எப்படி இருக்கும்! ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து சற்றே தெற்கே திரும்பினால், காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் மினாராக்கள் தெரியும். படம் எடுக்க டிரோன் இருக்கிறது. காட்ட வளைந்த திரை இருக்கிறது. தூக்கிச் செல்ல நாற்காலியும் வந்துவிட்டது. யாராவது எடுத்தால், முதல் டிக்கெட் வாங்க எங்கள் வீட்டிலிருந்தே மூன்று பேர் தயார்.

அதுவரை காத்திருப்பானேன் என்று மகள் நினைத்தாளோ என்னவோ, அன்று ராத்திரியே ஒரு முடிவெடுத்துவிட்டாள். “வாப்பா, வாப்புமா ஊருக்குப் போறப்போ ரயில்ல வேண்டாம். தூத்துக்குடிக்கு பிளேன் போகுதுல்ல?”

உம்மா மறுப்பார் என்று எதிர்பார்த்துத் திரும்பினேன்.

“ஜன்னல் சீட்டுக் கிடைக்குமாப்பா?” என்றார்.